ஆதரவுத்தொகையுடன் வரும் ஆலோசனைச் சந்திப்பு: வேலையிழந்தோர் அறியவேண்டியவை

வேலையிழந்தோருக்கு அரசாங்கம் வழங்கும் ஆதரவுத்தொகை மாதம் செல்லச் செல்லக் குறையும். முதல் மாதத்தில் 1,500 வெள்ளிவரை கிடைக்கும். நான்காம் மாதத்தில் அது பாதியாகிவிடும். ஆறாம் மாதத்தோடு நின்றுவிடும். இடைப்பட்ட காலத்தில் தொகையோடு சேர்ந்து இன்னோர் உதவியும் கிடைக்கிறது. வாழ்க்கைத்தொழில் ஆலோசகருடன் நடத்தும் நேரடிச் சந்திப்பே அது.

தொகை பெறுவதற்கான நிபந்தனைகளில் ஒன்றை நிறைவேற்றினால் போதும் என்ற எண்ணத்துடன் அந்தச் சந்திப்புக்குச் செல்வோர் உண்டு. வேலை போனதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு அதைத் தள்ளிப்போடுவோரும் உண்டு. ஆனால், கையில் பணம் அதிகமாக இருக்கும் முதல் மாதத்திலேயே அச்சந்திப்பை முறையாகப் பயன்படுத்திக்கொள்பவருக்கே அதன் முழுப்பலன் கிடைக்கும். திட்டத்தின் அமைப்பையும் சந்திப்புக்குத் தயாராகும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திட்டம் தோன்றிய பின்னணி

வேலையின்மைக் காப்புறுதித் திட்டம் எதுவும் சிங்கப்பூரில் நெடுங்காலமாக இருந்ததில்லை. மீண்டும் வேலைக்குச் செல்ல உதவுவதே முக்கியம், பண உதவி வேலை தேடும் முனைப்பைக் குறைத்துவிடக்கூடாது என்பதே அரசாங்கத்தின் நிலைப்பாடாக இருந்தது.

கொவிட்-19 காலத்தில் அந்த நிலைப்பாட்டில் மாற்றம் ஏற்பட்டது. 2020ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து வழங்கப்பட்ட கொவிட்-19 ஆதரவு மானியம், வேலையிழந்தோருக்கு மாதம் 800 வெள்ளிவரை மூன்று மாதங்களுக்குக் கைகொடுத்தது. மானியத்தைத் தொடர்ந்து பெற விரும்பியோர் வேலை தேடியதற்கோ பயிற்சிக்குச் சென்றதற்கோ சான்று காட்ட வேண்டியிருந்தது. பண உதவியையும் வேலை தேடும் முயற்சியையும் ஒன்றாகப் பிணைத்த முறை அது.

2023ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ‘முன்னேறும் சிங்கப்பூர்’ அறிக்கை, தங்கள் விருப்பமின்றி வேலையிழந்தோருக்கு ஆதரவு தேவை என்று குறிப்பிட்டது. 2024 ஆகஸ்ட் 18ஆம் தேதி தமது முதல் தேசிய தினப் பேரணி உரையில், ‘ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தை’ பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். 2025 ஏப்ரலில் திட்டம் நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் இதற்குத் தகுதிபெறுவர் என்று கணிக்கப்பட்டது.

அண்டை நாடான மலேசியாவின் ஏற்பாடு இதிலிருந்து வேறுபட்டது. அங்கு 2018 முதல் நடப்பில் இருக்கும் வேலைக் காப்புறுதித் திட்டத்திற்கு முதலாளியும் ஊழியரும் மாதந்தோறும் சந்தா செலுத்துகின்றனர். சிங்கப்பூரில் ஊழியர் சந்தா எதுவும் செலுத்துவதில்லை. அரசாங்கமே நிதி வழங்குகிறது. தொகைக்கு ஈடாக, வேலை தேடும் முயற்சியில் உண்மையாக ஈடுபட வேண்டும் என்ற கடப்பாடு ஊழியருக்கு உண்டு.

யாருக்குக் கிடைக்கும்?

விண்ணப்பிப்பவர் 21 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரராக இருக்கவேண்டும். 2026ஆம் ஆண்டின் முதல் காலாண்டிலிருந்து நிரந்தரவாசிகளுக்கும் திட்டம் விரிவுபடுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

வேலையிழந்ததற்கான காரணம் முக்கியம். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுதல், பணிநீக்கம், நோய் அல்லது காயம் அல்லது விபத்து காரணமாக வேலை முடிவுக்கு வருதல் ஆகியவை ஏற்றுக்கொள்ளப்படும். தாமாக வேலையை விட்டவர் இத்திட்டத்தின்கீழ் வரமாட்டார்.

சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளியாகவோ அதற்குக் குறைவாகவோ இருந்திருக்க வேண்டும். முந்தைய 12 மாதங்களில் குறைந்தது ஆறு மாதங்கள் வேலை செய்திருக்க வேண்டும். வேலையிழந்து குறைந்தது ஒரு மாதமாவது கடந்திருக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்புக்கும் வரம்பு உண்டு. ஒருமுறை தொகை பெற்றவர் அடுத்த மூன்றாண்டுகளுக்கு மீண்டும் பெற இயலாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, வேலை முடிவுக்கு வந்த விதம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பது. ஆட்குறைப்பு செய்யும்போது, “நீங்களே பதவிவிலகல் கடிதம் கொடுத்துவிடுங்கள், அடுத்த வேலைக்கு அதுதான் நல்லது” என்று மேலாளர் கூறினால், கையெழுத்திடுவதற்குமுன் யோசிப்பது நல்லது. தாமாக விலகியதாகக் கடிதம் கொடுத்தவருக்கு, உண்மைக் காரணம் ஆட்குறைப்பு என்பதைப் பின்னர் நிறுவுவது கடினம். ஆட்குறைப்பு அல்லது பணிநீக்கக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

எவ்வளவு தொகை?

முதல் மாதம் – 1,500 வெள்ளிவரை
இரண்டாம் மாதம் – 1,250 வெள்ளிவரை
மூன்றாம் மாதம் – 1,000 வெள்ளிவரை
நான்காம், ஐந்தாம், ஆறாம் மாதங்கள் – மாதம் 750 வெள்ளிவரை

மொத்தம் ஆறு மாதங்களில் 6,000 வெள்ளிவரை கிடைக்கும். முன்பு பெற்ற சராசரி மாத வருமானத்தைவிட அதிகமான தொகை வழங்கப்படுவதில்லை. புதிய வேலையில் சேர்ந்ததும் தொகை நின்றுவிடும்.

இந்தக் கணக்கை வேறொரு விதமாகவும் பார்க்கலாம். மொத்தத் தொகையில் 3,750 வெள்ளி, அதாவது 60 விழுக்காட்டுக்கும் மேல், முதல் மூன்று மாதங்களிலேயே வந்துவிடுகிறது. வாடகை, மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புக் கட்டணம் ஆகியவற்றைப் பற்றிய கவலை ஓரளவு குறைவாக இருக்கும் காலமும் அதுதான். நிதானமாக யோசித்து, எந்த வேலைக்குப் போவது, எந்தப் பயிற்சியை எடுப்பது என்று முடிவெடுக்க ஏற்ற நேரம் அது. நான்காம் மாதத்தில் முதன்முறையாக ஆலோசகரைச் சந்திப்பவர், கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நெருக்கடியுடன்தான் வருவார்.

மாதம் பத்துப் புள்ளி

ஒவ்வொரு மாதத் தொகையையும் பெற, அம்மாதத்தில் 10 புள்ளிகள் சேர்க்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பிப்பது, வாழ்க்கைத்தொழில் ஆலோசகரைச் சந்திப்பது, வேலைக் கண்காட்சி போன்ற நிகழ்ச்சிகளுக்குச் செல்வது, பயிற்சி வகுப்பில் சேர்வது போன்றவற்றுக்குப் புள்ளிகள் கிடைக்கும். எந்த நடவடிக்கைக்கு எத்தனை புள்ளி என்பது திட்டத்தின் இணையப்பக்கத்தில் பட்டியலிடப்பட்டுள்ளது. விண்ணப்பத்தையும் புள்ளிக் கணக்கையும் சிங்பாஸ் மூலம் இணையத்தில் கையாளலாம்.

புள்ளிகளைக் கடைசி வாரத்தில் அவசரமாகச் சேர்ப்பது பலன் தராது. பொருந்தாத வேலைகளுக்கு ஒரே நாளில் வரிசையாக விண்ணப்பித்தால் எண்ணிக்கை கூடும், அழைப்பு வராது. மாதத்தின் முதல் வாரத்திலேயே ஆலோசகரைச் சந்தித்துவிட்டால், அம்மாதத்தின் மற்ற விண்ணப்பங்கள் அவர் தரும் ஆலோசனைப்படி அமையும். அதே பத்துப் புள்ளிதான் கிடைக்கும். ஆனால், அவற்றுக்குப் பின்னால் ஒரு திட்டம் இருக்கும்.

கட்டாயச் சந்திப்பால் பயன் உண்டா?

வேலையில்லாதவரை வரவழைத்துப் பேசுவதால் என்ன நடந்துவிடும் என்ற கேள்வி நியாயமானது. பிரிட்டனில் 1980களின் பிற்பகுதியில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. ‘ரீஸ்டார்ட்’ என்ற திட்டத்தின்கீழ், நீண்டகாலம் வேலையின்றி உதவித்தொகை பெற்றோர் ஆலோசகருடனான நேர்காணலுக்குக் கட்டாயம் வரவேண்டியிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சிறு பிரிவினர் ஆறாம் மாத நேர்காணலுக்கு அழைக்கப்படவில்லை. அழைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட விரைவாக வேலையின்மையிலிருந்து வெளிவந்தது ஆய்வில் தெரியவந்தது.

இன்னொரு காரணம் அன்றாட ஒழுங்கு தொடர்பானது. ஆஸ்திரியாவின் மரியன்தால் என்ற சிற்றூரில் இருந்த நெசவாலை மூடப்பட்டதால் ஊரே வேலையிழந்தது. அங்கு மரி யாஹோடாவும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 1933ல் வெளிவந்தது. நேரம் நிறைய இருந்தும் மக்கள் நூலகத்திலிருந்து இரவல் பெறும் நூல்கள் குறைந்தன. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்துபோனது. வேலை என்பது சம்பளத்துடன் நாளுக்கு ஓர் ஒழுங்கையும் பிறருடனான தொடர்பையும் தருகிறது என்று யாஹோடா பின்னர் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஓரிடத்தில் இருக்கவேண்டும், தமக்காக ஒருவர் அங்குக் காத்திருப்பார் என்பது வேலையிழந்தவருக்குச் சிறிய விஷயமன்று.

எங்கே, யாரைச் சந்திப்பது?

சிங்கப்பூர் ஊழியரணி அமைப்பின் வாழ்க்கைத்தொழில் நிலையங்களிலும், தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் (என்டியுசி) ‘இ2ஐ’ எனப்படும் வேலை நியமன, வேலைத்தகுதிக் கழகத்திலும் ஆலோசகர்கள் உள்ளனர். இ2ஐ கழகம் ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ள தேவன் நாயர் நிலையத்தில் இயங்குகிறது. என்டியுசியைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரும் முன்னாள் அதிபருமான சி.வி. தேவன் நாயரின் பெயர் தாங்கிய இடம் அது.

ஆலோசனைச் சேவை இலவசம். வேலை வாங்கித் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவர் யாராயினும் அவர் இத்திட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். வேலை தேடுவோரைக் குறிவைக்கும் மோசடிகள் அதிகம் என்பதால், சந்தேகம் எழுந்தால் 1799 என்ற ‘ஸ்கேம்ஷீல்டு’ உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

ஆங்கிலத்தில் விரிவாகப் பேசத் தயங்குவோர், முன்பதிவு செய்யும்போதே அதைத் தெரிவித்து, தமிழ் பேசும் ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்கலாம். வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாமா என்றும் கேட்கலாம். கேட்காமல் சென்று, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டிவிட்டு வருவதால் இழப்பு வேலை தேடுபவருக்குத்தான்.

போவதற்கு முன்

கையோடு எடுத்துச் செல்லவேண்டியவை: அடையாள அட்டை, ஆட்குறைப்பு அல்லது பணிநீக்கக் கடிதம், பழையதாயினும் இருக்கும் தன்விவரக் குறிப்பு, கல்விச் சான்றிதழ்கள், பயிற்சிச் சான்றிதழ்கள், உரிமங்கள், விண்ணப்பித்த வேலைகளின் பட்டியல்.

கடைசியில் குறிப்பிட்ட பட்டியலை எளிதாகத் தயாரிக்கலாம். ஒரு தாளில் தேதி, நிறுவனம், பதவி, என்ன பதில் வந்தது என்று நான்கு பத்திகள் போட்டு எழுதினால் போதும். இருபது விண்ணப்பங்களுக்கு ஓர் அழைப்பும் வரவில்லை என்றால் குறை பெரும்பாலும் தன்விவரக் குறிப்பிலோ தேர்ந்தெடுத்த வேலைகளிலோ இருக்கும். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தும் வேலை கிடைக்கவில்லை என்றால் பேசும் விதத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஒரு தாளைப் பார்த்தே ஆலோசகர் எங்கிருந்து தொடங்கலாம் என்று முடிவுசெய்துவிடுவார்.

மூன்று கேள்விகளுக்கான பதில்களையும் முன்கூட்டியே யோசித்துவைப்பது நல்லது. மாதம் குறைந்தது எவ்வளவு சம்பளம் இருந்தால் குடும்பம் நடக்கும்? எந்த வேலையை, எந்த நேரத்து வேலையை, எக்காரணம் கொண்டும் ஏற்க முடியாது? பழைய வேலையில் மற்றவர்கள் எதற்காகத் தம்மைத் தேடி வந்தார்கள்? முதல் இரண்டும் தேடலின் எல்லையைக் காட்டும். மூன்றாவது, சான்றிதழில் இல்லாத திறனைக் காட்டும்.

சந்திப்பில் என்ன நடக்கும்?

முதலில் ஆலோசகர் வேலை வரலாற்றைக் கேட்பார். நேர்முகத் தேர்வு போன்று தோன்றினாலும் இது தேர்வன்று. இங்கு நல்ல பெயர் வாங்கவேண்டிய தேவையில்லை. கணினி வராது, இரவு வேலை ஒத்துவராது, முதுகுவலி இருக்கிறது என்பதையெல்லாம் இங்கேயே சொல்லிவிடலாம்.

அடுத்து, செய்த வேலையை முதலாளிகளுக்குப் புரியும் சொற்களில் மாற்றி எழுதும் பணி. சந்திப்பின் மிகப் பயனுள்ள பகுதி இதுவே. எடுத்துக்காட்டாக, சரக்குக் கிடங்கில் பதினைந்து ஆண்டுகள் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். “கிடங்கில் வேலை பார்த்தேன்” என்று அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார். ஆலோசகர் தொடர்ந்து கேட்கும்போதுதான், பன்னிரண்டு பேருக்கு வேலை நேரப் பட்டியல் போட்டவர், ‘ஃபோர்க்லிஃப்ட்’ உரிமம் உள்ளவர், புதிதாக வந்த ஊழியர்களுக்குத் தமிழிலும் மலாயிலும் பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக்கொடுத்தவர் என்பது வெளிவரும். முதல் வரியைப் படிக்கும் முதலாளி அவரைப் பாரம் தூக்கும் ஆளாகப் பார்ப்பார். இரண்டாவதைப் படிப்பவர் மேற்பார்வையாளராகப் பார்ப்பார். இரண்டுக்கும் இடையில் சம்பள வித்தியாசம் உண்டு.

நம் வீடுகளில் தன்னைப் பற்றித் தானே பேசுவது தற்பெருமை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் பலர். அவர்களுக்கு இந்தப் பகுதி சங்கடமாக இருக்கும். செய்ததைச் செய்தேன் என்று எண்ணிக்கையோடு சொல்வது தற்பெருமை ஆகாது. எத்தனை பேர், எத்தனை ஆண்டு, எவ்வளவு சரக்கு, எத்தனை வாடிக்கையாளர் என்று விவரமாகச் சொல்வதே போதுமானது.

மூன்றாவதாக, வேலைச் சந்தையைப் பற்றிய உரையாடல். பழைய பதவிக்கு இப்போது தேவை இருக்கிறதா, இருந்தால் என்ன சம்பளம், இல்லையென்றால் அதே திறன் வேறு எந்தத் துறையில் தேவைப்படுகிறது என்பதை ஆலோசகர் விளக்குவார். துறை மாற விரும்புவோருக்கு வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டங்கள் உள்ளன. இவற்றின்கீழ் ஒருவரை வேலைக்கு எடுத்துப் பயிற்சி தரும் முதலாளிக்கு அரசாங்கம் சம்பள ஆதரவு வழங்குகிறது. 40 வயதும் அதற்கு மேற்பட்டோரும், நீண்டகாலம் வேலையின்றி இருப்போரும் சேரும்போது இந்த ஆதரவு சம்பளத்தில் 90 விழுக்காடுவரை இருக்கும்; அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. வயதைக் காரணம் காட்டித் தயங்கும் முதலாளிகளிடம் எடுத்துச் சொல்லத்தக்க தகவல் இது.

பயிற்சிக்கான நிதியையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதத்தில் 4,000 வெள்ளி கூடுதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதி வழங்கப்பட்டது. அதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட வகுப்புகளுக்குப் பயன்படுத்தலாம். எந்த வகுப்புக்குப் பிறகு உண்மையில் வேலை கிடைக்கிறது என்று ஆலோசகரிடம் கேட்டபின் சேர்வது நல்லது.

சொல்லத் தயங்கும் விஷயங்கள்

ஏன் வேலை போனது? உண்மையைச் சுருக்கமாகச் சொல்வதே சிறந்தது. “நிறுவனம் எங்கள் பிரிவை மூடியது. என்னுடன் சேர்த்து எட்டுப் பேர் ஆட்குறைப்பு செய்யப்பட்டோம்” என்பது போதுமான விடை. பணிநீக்கம் செய்யப்பட்டவர் நடந்ததை ஆலோசகரிடம் மறைக்காமல் சொன்னால், நேர்முகத் தேர்வில் அதே கேள்வி வரும்போது எப்படிப் பதில் சொல்வது என்று இருவரும் சேர்ந்து பயிற்சி செய்யலாம்.

உடல்நலம், மனநலம். நீண்டநேரம் நிற்க முடியாதவர் சில்லறை விற்பனைக் கடைக்கு விண்ணப்பித்து, இரண்டு வாரத்தில் விலகுவதில் யாருக்கும் பயனில்லை. அதை முன்பே சொல்லிவிட்டால் அத்தகைய வேலைகளைத் தவிர்க்கலாம்.

வீட்டுப் பொறுப்பு. படுக்கையில் இருக்கும் தாயாரைக் கவனித்துக்கொள்பவரும் பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ளவரும் நேர வரம்பைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். நீக்குப்போக்கான வேலை நேரம் உள்ள இடங்களைத் தேட அது உதவும்.

சம்பளம். முன்பு பெற்றதைவிடக் குறைந்த சம்பளத்தை ஏற்பதா என்ற கேள்வி பலரை உறுத்தும். முதல் மாதத்திலேயே ஆலோசகருடன் சேர்ந்து ஓர் அடிமட்டத் தொகையை முடிவுசெய்து எழுதிவைத்துக்கொண்டால், ஐந்தாம் மாதப் பதற்றத்தில் எடுக்கும் முடிவைத் தவிர்க்கலாம்.

வயது, இனம், மொழி. நேர்முகத் தேர்வில் பாகுபாடு காட்டப்பட்டதாக உணர்ந்தால் அதையும் சொல்லலாம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்ட வேலையிட நியாயச் சட்டம், வயது, இனம், மொழித்திறன், பராமரிப்புப் பொறுப்பு உள்ளிட்டவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்ய வகைசெய்கிறது.

வீட்டில் சொல்லாதவர்கள்

வேலை போனதை வீட்டில் சொல்லாமல், வழக்கம்போல் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, நூலகத்திலோ உணவங்காடியிலோ மாலைவரை உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாச் சமூகங்களிலும் இருக்கின்றனர். திருமணப் பேச்சு நடக்கும் வீடு, ஊரில் தங்கைக்கோ பெற்றோருக்கோ பணம் அனுப்பும் வீடு என்றால் சொல்வது இன்னும் கடினமாகிறது.

ஆலோசகரே முதலில் சொல்லக்கூடிய ஆளாக இருக்கலாம். அவர் உறவினர் அல்லர். கோவிலிலோ திருமண வீட்டிலோ எதிரில் வரப்போகிறவரும் அல்லர். ஆனால், சில வாரங்களுக்குள் வீட்டிலும் சொல்லிவிடுவதே நல்லது. தொகை குறையத் தொடங்கும் இரண்டாம் மாதத்தில் செலவைக் குறைக்க வேண்டுமென்றால், குடும்பத்தார்க்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். மேலும், பல வேலைகள் தெரிந்தவர்கள் வாயிலாகவே கிடைக்கின்றன. ஒருவர் வேலை தேடுவது யாருக்கும் தெரியாவிட்டால் யாரும் தகவல் சொல்லவும் வழியில்லை.

மனம் மிகவும் தளர்ந்திருப்போர் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையோ 1767 என்ற ‘எஸ்ஓஎஸ்’ அமைப்பின் எண்ணையோ எந்நேரமும் அழைக்கலாம்.

சந்திப்புக்குப் பிறகு

விடைபெறும் முன் மூன்று விவரங்களை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்: அடுத்த சந்திப்புக்குள் செய்யவேண்டியவை, அடுத்த சந்திப்பின் தேதி, ஆலோசகரைத் தொடர்புகொள்ளும் வழி. ஒவ்வொரு முறையும் புதிய ஆலோசகரிடம் கதையை முதலிலிருந்து சொல்வதைத் தவிர்க்க, அதே ஆலோசகரைத் தொடர்ந்து சந்திக்க முடியுமா என்று கேட்கலாம்.

சந்திப்பு நடந்ததும் அதற்கான புள்ளி கணக்கில் சேர்ந்துவிட்டதா என்று இணையத்தில் பார்க்க வேண்டும். சேரவில்லை என்றால் மாதம் முடிவதற்குள் தெரிவிப்பது பாதுகாப்பானது.

நேர்முகத் தேர்வு அதே நேரத்தில் அமைந்தாலோ உடல்நலம் குன்றினாலோ சந்திப்பை முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். மருத்துவச் சான்றிதழையோ நேர்முகத் தேர்வு அழைப்பையோ வைத்திருப்பது நல்லது. சொல்லாமல் வராதிருந்தால் அந்த மாதத்தின் புள்ளிகளைச் சேர்க்கப் போதிய நாள் இல்லாமல் போகலாம்.

இடையில் சில நாள் வேலையோ பகுதிநேர வேலையோ கிடைத்தால் மறைக்கக்கூடாது. அது தொகையைப் பாதிக்குமா என்று ஏற்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆலோசனை பயனளிக்கவில்லை என்று தோன்றினால், அதைப் பணிவாகவும் தெளிவாகவும் சொல்லலாம். “ஐயா, போன முறை நீங்கள் சொன்ன ஐந்து வேலைகளுக்கும் விண்ணப்பித்தேன். ஐந்திலும் டிப்ளோமா கேட்கிறார்கள். என்னிடம் ‘ஓ’ நிலைச் சான்றிதழ்தான் இருக்கிறது” என்று சொன்னால், அடுத்த பட்டியல் மாறும். மௌனமாக இருந்தால் மாறாது.

தகுதிபெறாதோர்க்கு என்ன வழி?

தாமாக வேலையை விட்டவர்கள், 5,000 வெள்ளிக்கு மேல் சம்பாதித்தவர்கள், ஆறு மாதங்களுக்குக் குறைவாக வேலை செய்தவர்கள் ஆகியோருக்கு இத்தொகை கிடைக்காது. ஆனால், ஆலோசனைச் சேவை தொகை பெறுவோருக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் ஊழியரணி அமைப்பின் ஆலோசகரையும் இ2ஐ ஆலோசகரையும் நாடலாம்.

ஆட்குறைப்பு செய்யப்பட்டோர், நிறுவனத்திடமிருந்து கிடைக்கவேண்டிய இழப்பீட்டையும் கேட்டறிய வேண்டும். இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் வேலை செய்தவர்களுக்கு, ஓராண்டுச் சேவைக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை வழங்குவது வழக்கம். இது ஒப்பந்தத்தையும் நிறுவனத்தின் நிலையையும் பொறுத்தது.

வீட்டுச் செலவுக்கே வழியில்லாத நிலை ஏற்பட்டால், அருகிலுள்ள சமூக சேவை அலுவலகத்தில் ‘காம்கேர்’ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். தொலைபேசி எண் 1800-222-0000. பிள்ளைகளின் துணைப்பாடம் நின்றுவிடக்கூடாது என்று கவலைப்படும் இந்தியக் குடும்பங்கள் சிண்டாவை அணுகலாம்.

தகுதி விதிகளும் தொகையும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் ஊழியரணி அமைப்பின் இணையப்பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது அவசியம். விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்ட அன்றே முதல் சந்திப்புக்கும் முன்பதிவு செய்துவிட்டால், முதல் மாதம் வீணாகாது.